கேட்காமல் அழுத்திய பொத்தான்

ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் பகல் ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்த மருமகள், செருப்பைக் கழற்றும்போதே கூடத்து டி.வி.யைப் பார்த்துவிட்டாள். இருட்டாக இருக்க வேண்டிய திரையில் ஒரு பெரிய கிரகம் நின்றுகொண்டிருந்தது. மஞ்சளும் பழுப்புமாக, இடுப்பைச் சுற்றி அகலமான வளையத்தோடு, திரையின் விளிம்பு வரை அடைத்துக்கொண்டு.

"சர்ப்ரைஸ், அண்ணி!" என்றான் சோபாவில் சாய்ந்திருந்த கொழுந்தன். "உங்க கப்பல் போய்ச் சேந்தாச்சு. எனக்கு ஒரு தேங்க்ஸ் சொல்லுங்க."

மருமகள் கைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. "எதை அழுத்தினீங்க?"

"ஓரமா 'துயில்'னு ஒரு பொத்தான் இருந்துது. இவ்வளவு நாளா இதை யாருமே பாக்கலையா? ஒரு அழுத்து, வந்து நின்னுடுச்சு."

"அது 'உறுதியா?'ன்னு ரெண்டு தடவை கேக்குமே?"

"கேட்டுச்சு. ரெண்டு தடவையும் உறுதின்னு சொன்னேன்."

அவள் திரையின் கீழ் மூலையைப் பார்த்தாள். எரிபொருள் முள் அடிமட்டத்தில் கிடந்தது. ஜன்னலோரம் தன் நாற்காலியில் உட்கார்ந்திருந்த மாமனாரைப் பார்த்தாள். அவர் இரண்டு கைகளையும் மடியில் போட்டுக்கொண்டு, அந்தக் கிரகத்தை, யாரோ வீட்டுக்குள் இறக்கிவிட்டுப் போன வேண்டாத சாமானைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். தூங்கி எழுந்து வந்து பாத்தவர்தான், வாயடைச்சுப் போய் உக்காந்திருக்கார் பாருங்க" என்றான் கொழுந்தன்.

அவனுக்கு வீட்டில் 'அவசரம்' என்று பேர். ஆஸ்பத்திரி போய்ச் சேரும் வரை பொறுக்காமல் வண்டியிலேயே பிறந்தவன். சினிமாவை வேகமாக ஓட்டித்தான் பார்ப்பான். லிப்ட் பொத்தானை விடாமல் அழுத்துவான். அடுத்தவர் பேசி முடிப்பதற்குள் பதில் சொல்லிவிடுவான். தூரத்து ஊரில் வேலை. வருஷத்தில் ஒரு முறை ஒரு வாரம் வந்து, வீட்டில் கோணலாக இருப்பதையெல்லாம் நிமிர்த்திவிட்டுப் போவான். குளியலறைத் தாழ்ப்பாளை அப்படித்தான் நிமிர்த்தினான். அன்றிலிருந்து அது விழுவதே இல்லை.

அந்த வீடியோ விளையாட்டை முதலில் வாங்கியவன் அவளுடைய கணவன். விண்வெளி என்றதும் சண்டை, வெடி, லேசர் என்று நினைத்துக்கொண்டு ஆரம்பித்தான். சிறிது நேரத்திலேயே கொட்டாவி விட்டு எழுந்துவிட்டான். "சாமியாராப் போறதுக்குப் பயிற்சி மாதிரி இருக்கு" என்றான். அவன் சொன்னதில் தப்பில்லை. அதில் கப்பல் நிஜ நேரத்தில்தான் போகும். ஒரு கிரகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாதக்கணக்கில் போகும். டி.வி.யை அணைத்துவிட்டுப் படுத்தாலும் அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். நடுநடுவே சூரியப் பலகையை வெளிச்சத்தின் பக்கம் கொஞ்சம் திருப்ப வேண்டும். பாதை ஒரு மயிரிழை விலகினால் சரி செய்ய வேண்டும். மற்றபடி எதிரே இருட்டு, அதில் நட்சத்திரங்கள். அவ்வளவுதான்.

அதை மாமனார் பிடித்துக்கொண்டார். அவர் சரக்கு ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர். பக்கவாதம் வந்து வலது கை முக்கால்வாசி போய், பேச்சும் தடுமாற ஆரம்பித்த பிறகு அவர் எதையும் விரும்பித் தொட்டது அதுதான் முதல் தடவை. கப்பலுக்கு 'கூட்ஸ்' என்று பேர் வைத்தார். அதற்கு முன்பு மாமனாருக்கும் மருமகளுக்கும் நடுவே பெரிதாகப் பேச்சு இருந்ததில்லை. "சாப்பிட்டீங்களா மாமா?" என்று இவள் கேட்பாள். "ம்" என்பார் அவர். கூட்ஸ் வந்த பிறகு நிலைமை மாறிவிட்டது. பகல் டியூட்டி அவருக்கு, சாயங்கால டியூட்டி அவளுக்கு. சாப்பாட்டு மேஜையில் அவர் பொறுப்பை ஒப்படைப்பார். பலகையைத் திருப்பியாயிற்று, வெப்பம் சரியாக இருக்கிறது, எதிரே ஒன்றுமில்லை. அந்த மூன்றைச் சொல்லி முடிக்க அவருக்கு ஒரு டம்ளர் டீ ஆறும் நேரம் பிடிக்கும். அவள் கேட்டுக்கொண்டிருப்பாள்.

காலையிலிருந்து சாயங்காலம் வரை அவள் காதில் விழுவது கதறல்தான். "மூச்சு வரலை", "ரத்தம் நிக்கலை", "சீக்கிரம் வாங்க". அந்த அறையில் அவசரத்துக்கு ஒரு அர்த்தம் உண்டு. அங்கே அவள் ஒரு நொடியை வீணாக்கியதில்லை. அதனாலேயே, வீட்டுக்கு வந்து, ஒன்றுமே நடக்காத அந்த இருட்டின் முன்னால் உட்காரும்போது உச்சியிலிருந்து ஏதோ மெல்ல இறங்கிப் போவதை உணர்வாள். ஒன்றும் நடக்கவில்லை என்பதைவிட நல்ல செய்தி அவளுக்கும் மாமனாருக்கும் தெரியாது.

நடக்கவே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. சில வாரங்களாக இடது பக்கம் ஒரு வெள்ளைப் புள்ளி தெரிந்துகொண்டிருந்தது. முதலில் தூசு என்று நினைத்து மாமனார் டி.வி.யைத் துடைத்தார். அது போகவில்லை. அவர் வால்நட்சத்திரம் என்றார். இவள் வெறும் பாறை என்றாள். தினமும் அது மயிரளவு பெரிதாகிக்கொண்டே வந்தது. அப்புறம் பயணத்தின் நட்டநடுவில் கப்பலைத் தலைகீழாகத் திருப்பி, வால் முன்னாலே வரும்படி வைத்து, வேகத்தைக் குறைக்க ஆரம்பிக்க வேண்டும். அந்தத் திருப்பத்தை அவளுடைய விடுமுறை நாளில் இரண்டு பேரும் சேர்ந்து செய்வதாக ஏற்பாடு.

எல்லாவற்றையும் ஒரே அழுத்தில் விழுங்கியாயிற்று. துயில் போட்டால் கப்பலில் இருப்பவர்கள் தூங்கிவிடுவார்கள். எஞ்சின் எரிபொருளை அள்ளிக் குடித்துக்கொண்டு தானாகப் பாய்ந்து போய்ச் சேரும். சேர்ந்த பிறகு திரும்பி வர ஒரு சொட்டு மிஞ்சாது.

"அந்தப் புள்ளி என்னன்னு இனிமே தெரியவே தெரியாது" என்றாள் அவள். அவளுடைய குரல் அவளுக்கே புதிதாக இருந்தது.

"எந்தப் புள்ளி?" என்றான் கொழுந்தன்.

அதற்குள் கணவன் காய்கறிப் பையோடு உள்ளே நுழைந்தான். விஷயத்தைக் கேட்டதும் இரண்டு பக்கமும் பார்த்துச் சிரித்து வைத்தான். "விடும்மா, கேம்தானே. திரும்ப முதல்லேர்ந்து ஆரம்பிச்சா ஆச்சு."

"கேம்தானேவா? போன மாசம் நீங்க மேட்ச் பாத்துக்கிட்டு இருக்கும்போது பக்கத்து வீட்டுக்காரர் வந்து யார் ஜெயிச்சாங்கன்னு சொல்லிட்டாரே. ரெண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு இருந்தது யாரு? அவர் கேட்டைத் திறந்தாலே நீங்க உள்ள போனீங்களே!"

"அது வேற."

"என்ன வேற? சொல்லுங்க, என்ன வேற?"

அவன் பையிலிருந்த தக்காளியை ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் அடுக்க ஆரம்பித்தான்.

"போய்ச் சேரணும்னுதானே அண்ணி போனீங்க?" என்றான் கொழுந்தன், நிஜமாகவே புரியாமல். "சேத்துட்டேன். இதுல என்ன தப்பு?"

"போய்ச் சேரணும்னுதான் போனோம். நாங்க போய்ச் சேரணும்னு. நீங்க கொண்டுபோய்ப் போடணும்னு இல்லை."

அதற்கப்புறம் அவள் அவனோடு நேரடியாகப் பேசவில்லை. "உங்க தம்பிக்கு இன்னும் கொஞ்சம் வேணுமான்னு கேளுங்க" என்பாள் கணவனிடம், கொழுந்தன் கைநீட்டும் தூரத்தில் உட்கார்ந்திருக்கும்போதே. "அண்ணிகிட்ட போதும்னு சொல்லு" என்பான் அவன். நடுவில் கணவன் தபால்காரன் வேலை பார்த்துக் களைத்துப்போனான்.

மறுநாள் வேலையில், டீ இடைவேளையில், பக்கத்து இருக்கைக்காரியிடம் கொட்டித் தீர்த்தாள். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "நாள் பூரா நாம கேக்கறதுக்கு நடுவுல, பொம்மைக் கப்பலுக்குப் போயி இப்படிக் கொதிக்கறியே!" மருமகளுக்கும் அது உறைக்காமல் இல்லை. அன்று காலைதான் ஒரு மனிதர் மூச்சு நின்ற மனைவியின் நெஞ்சை அழுத்திக்கொண்டே போனில் அழுதிருந்தார். அதையும் இதையும் ஒரே தராசில் வைக்க முடியுமா? முடியாது என்று அவளுக்கே தெரியும். தெரிந்தும் கோபம் ஒரு இம்மிகூடக் குறையவில்லை. பெரிய விஷயம் இல்லை என்பதால்தானே யார் வேண்டுமானாலும் கை வைக்கிறார்கள் என்று நினைத்தபோது, குறைவதற்குப் பதில் ஏறத்தான் செய்தது.

அன்று சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் வெடித்தது. வெடித்தவள் அவள் இல்லை, கொழுந்தன்.

"அண்ணி, நேராவே கேக்கறேன்" என்று தட்டைத் தள்ளி வைத்தான். "வந்த நாள்லேர்ந்து பாக்கறேன். அப்பா காலையில நாற்காலியில உக்காந்தா உக்காந்ததுதான். கறுப்பு ஸ்கிரீனையே வெறிச்சுப் பாத்துக்கிட்டு இருக்கார். அதுல ஒண்ணுமே இல்லை! இதுக்குப் பேரு பாத்துக்கறதா? அவரை மூலையில உக்கார வச்சு, டி.வி.யைப் போட்டுவிட்டு, நீங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போயிடறீங்க. எனக்கு வயிறு எரிஞ்சுது. அதான் அழுத்தினேன். ஒரு கிரகத்தையாவது பாக்கட்டுமேன்னு."

கணவன் "டேய்" என்றான். மருமகளுக்கு முகம் குப்பென்று சிவந்தது. அவரைக் குளிக்க வைத்து, பயிற்சிக்கு அழைத்துப் போய், சட்டைப் பொத்தான் போட்டுவிட்டு, அதற்கப்புறம் வேலைக்கு ஓடுகிறவளைப் பார்த்து என்ன கேள்வி இது! அவள் கணவனைத் தபால்காரனாக வைத்துக்கொள்வதை அந்த நிமிடமே விட்டுவிட்டாள்.

"பாத்துக்கறதைப் பத்தி நீங்க பேசறீங்களா தம்பி? வருஷத்துல ஒரு வாரம் வர்றீங்க. வந்ததுலேர்ந்து அவரை ஒரு பேச்சு முழுசாப் பேச விட்டிருக்கீங்களா? அவர் 'த'ன்னா தண்ணியைக் கொண்டுவந்து நீட்டறீங்க. 'மா'ன்னா மாத்திரை. நேத்து அவர் 'தபால் வந்துச்சா'ன்னு கேக்க ஆரம்பிச்சார், தெரியுமா உங்களுக்கு? மூணு டம்ளர் தண்ணி குடிக்க வச்சீங்க. கப்பலுக்கு மட்டுமா துயில் போட்டீங்க? மனுஷனுக்கும் சேத்துத்தான் போட்டுக்கிட்டு இருக்கீங்க!"

"அவர் கஷ்டப்படறதைப் பாக்க முடியாமத்தானே—"

"பாக்க முடியலைன்னா அது உங்க கஷ்டம். அவரோடது இல்லை!"

டமார் என்று ஒரு சத்தம். மாமனார் இடது கையால் மேஜையை அறைந்திருந்தார். தண்ணீர் டம்ளர் உருண்டு விழுந்தது. யாரும் எடுக்கவில்லை.

"என்னைக்..." என்றார் அவர்.

"என்னப்பா, ரூமுக்குக் கூட்டிட்டுப் போகவா?" என்று எழுந்தான் கொழுந்தன்.

"வாயை மூடுடா."

அது மட்டும் துளிகூடத் தடுமாறாமல் வந்தது. கொழுந்தன் உட்கார்ந்தான்.

"என்னைக்... கேட்டியா நீ?" மாமனார் ஒவ்வொரு சொல்லையும் தேடி எடுத்து வைத்தார். நடுவில் நீண்ட இடைவெளிகள். மேஜையிலிருந்து தண்ணீர் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. "பக்கத்து... ரூம்லதான்... தூங்கிக்கிட்டு இருந்தேன். எழுப்பி... கேட்டிருக்கலாம். வேலை பாத்த... காலம் பூரா... இருட்டைப் பாத்துத்தான்... வண்டி ஓட்டினேன். அப்ப... யாரும்... ஐயோ பாவம்னு... சொல்லலை. சம்பளம்... குடுத்தாங்க."

கணவன் சிரிக்கப் பார்த்து அடக்கிக்கொண்டான்.

"அந்தப் புள்ளி... வால்நட்சத்திரம்தான். இந்த வாரம்... தெரிஞ்சிருக்கும். இவகிட்ட... நிரூபிச்சிருப்பேன். கெடுத்துட்டே."

"நீங்க கஷ்டப்படறீங்கன்னு நினைச்சேன்பா" என்றான் கொழுந்தன். அவனுடைய குரல் இறங்கிவிட்டிருந்தது.

"நினைச்சே. கேக்கலை."

மருமகளுக்கு நெஞ்சு நிறைந்து போனது. நன்றாக வேண்டும் என்று நினைத்துக்கொண்டே அவர் பக்கம் திரும்பினாள். அவரோ அவளையும் முறைத்தார்.

"நீ... மட்டும் என்ன? எனக்காக... இந்தக் கத்து... கத்தறே. என் கோபத்தை... எனக்கு... காட்டத் தெரியும். தபால்... வந்துச்சான்னு... நான் கேக்கலை. தலை... வலிக்குதுன்னு... சொல்ல வந்தேன்."

அவளுக்குச் சுருக்கென்றது. இவருக்காக இத்தனை பரிந்து பேசியதற்கு இதுவா கூலி என்று தோன்றியது. விருட்டென்று எழுந்து துடைக்கும் துணியை எடுத்து வந்து, தரை தேய்ந்துவிடும் அளவுக்குத் துடைத்தாள். அப்புறம் தலைவலி மாத்திரையைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்து, வேண்டுமா என்று கேட்டாள். வேண்டாம், அது நேற்று என்றார்.

காலையில் அவள் வேலைக்குக் கிளம்பும்போது கொழுந்தன் டி.வி. முன்னால் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, விளையாட்டின் உதவிப் பக்கங்களைப் படித்துக்கொண்டிருந்தான். அவன் எதையும் கடைசிவரி வரை படித்து அவள் பார்த்ததில்லை.

"அண்ணி, ஒரு வழி இருக்கு. எரிபொருள் தீந்து நின்னா இன்னொரு ஆட்டக்காரர் டேங்கர் கப்பல்ல கொண்டுவந்து நிரப்பலாமாம். நான் ஊருக்குப் போய் என் வீட்டு டி.வி.யில இதைப் போட்டுக்கறேன். நானே கொண்டுவர்றேன்."

"துயில் போட்டா டேங்கர்ல இருக்கறதும் சேந்து எரிஞ்சுடும்" என்றாள் அவள், சுவரைப் பார்த்து.

"தெரியும். படிச்சேன். நிதானமாத்தான் வரணும்."

மாமனார் நாற்காலியிலிருந்து ஒரு விரலை உயர்த்தினார். "பாக்கலாம்" என்றார்.

அவன் நம்பிக்கையோடு ஊருக்குப் போனான். முதல் வாரமே புலம்ப ஆரம்பித்தான். "அண்ணி, ஒண்ணுமே நடக்க மாட்டேங்குது. டி.வி. உறைஞ்சு போச்சோன்னு பாத்தேன், இல்லை." அடுத்த வாரம் பாதை விலகிப்போய் அலறிக்கொண்டு கூப்பிட்டான். அவள் அப்போது கட்டுப்பாட்டு அறையில் பேசும் குரலில் கேட்டாள். "பதறாதீங்க. எங்க இருக்கீங்க? முன்னால என்ன தெரியுது? எதையும் அழுத்தாம நான் சொல்றதைக் கேளுங்க." அந்தக் குரலில் பாசம் எதுவும் கலந்துவிடாமல் பார்த்துக்கொண்டாள். இடையில் ஒருமுறை, கொஞ்ச தூரத்துக்கு மட்டும் துயில் போட்டுக்கொள்ளலாமா என்று நைசாகக் கேட்டான். அவள் பதிலே சொல்லாமல் போனை வைத்துவிட்டாள். மறுநாள் அவனே கூப்பிட்டு, சும்மா கேட்டேன் அண்ணி என்றான்.

மாமனாரோ கிரகத்தின் பக்கத்திலேயே நின்ற கூட்ஸில் பகல் டியூட்டியை விடாமல் பார்த்தார். வளையத்தின் நிழல் நகர்வதைக் கவனித்தார். சின்ன மகன் போனில் இருக்கும்போது அதைப் பற்றி அவனிடம் சொல்லுவார். சில நாள் அவன் குறுக்கே விழுவான், "பொறு" என்பார். சில நாள் விழமாட்டான்.

டேங்கர் வந்து சேரும் நாளும் வந்தது. அன்று மருமகளுக்கு வேலை. சாயங்காலம் சீக்கிரம் வந்துவிடுவதாகச் சொல்லிவிட்டுத்தான் போனாள். ஆனால் பெரிய சாலையில் இரண்டு பஸ்கள் மோதிக்கொண்டன. கூப்பிட்டவர்கள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். அடுத்த ஷிப்ட்காரி வந்து தோளைத் தொடும் வரை அவள் எழுந்திருக்கவில்லை.

வீட்டுக்குள் நுழைந்த அவளைக் கண்டதும் கூடத்தில் ஒரே ஆரவாரம். திரையில் கூட்ஸும் டேங்கரும் மூக்கோடு மூக்கு ஒட்டிக்கொண்டு நின்றன. டி.வி.க்குப் பக்கத்தில் சாய்த்து வைத்திருந்த போனில் கொழுந்தனின் முகம். கணவன்கூட எழுந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணி! ஒட்டிட்டோம்! அப்பா இடது கையாலயே பிடிச்சார். ரெண்டு தடவை இடிச்சு, மூணாவது தடவை—"

"யாரைக் கேட்டு ஒட்டினீங்க?"

அவள் கைப்பையை மேஜையில் போட்டாள்.

"மாசக்கணக்கா நானும் சேந்துதானே காத்துக்கிட்டு இருந்தேன்? நான் வர்ற வரைக்கும் பொறுக்க முடியலையா? தம்பிக்குத்தான் புத்தி வரலை. மாமா, நீங்களுமா?"

மாமனார் வாயைத் திறந்தார். போனில் கொழுந்தனும் திறந்தான், அப்புறம் மூடிக்கொண்டான்.

"டேங்கர்ல... கசிவு" என்றார் மாமனார். "காத்திருந்தா... எரிபொருள்... போயிடும். அதான்... ஒட்டினோம். நிரப்பியாச்சு. ஆனா... கிளப்பலை. எஞ்சினை... யாரும் தொடலை. நீ வந்துதான்... கிளப்பணும்னு... சொல்லிட்டேன். அவன்... மதியத்துலேர்ந்து... சும்மா உக்காந்திருக்கான்."

"ஆமா அண்ணி" என்றான் கொழுந்தன் பாவமாக. "பாத்ரூம்கூடப் போகலை."

சொல்வதில் நியாயம் இருந்தது. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. நியாயம் இருக்கிற இடத்தில் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது?

"நான் முதல்ல ஒரு டீ குடிக்கணும்" என்றாள். "அதுவரைக்கும் ரெண்டு பேரும் எதையும் தொடக் கூடாது."

சமையலறைக்குப் போனாள். பால் பொங்கும்வரை பக்கத்திலேயே நின்றாள். டம்ளரில் ஊற்றி, ஜன்னலோரம் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, ஊதி ஊதி ஒவ்வொரு மடக்காகக் குடித்தாள்.

"அண்ணி, ஆச்சா?" என்று கூடத்திலிருந்து போன் கேட்டது.

"இன்னும் இல்லை" என்றாள்.